பென்சிலில் எழுதிய கேள்விகள்

அந்த மின்னஞ்சலை என் மனைவிக்கு இரண்டு தடவை சத்தமாக வாசித்துக் காட்டினேன். என் நடை ஆற்றொழுக்குப் போன்றது என்றும், என் படைப்பு அவர்களுடைய தேர்வுக் குழுவின் நெஞ்சை நெகிழ வைத்துவிட்டது என்றும் அதில் எழுதியிருந்தது. 2022 பிப்ரவரி, ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பிரதியை நான் அனுப்பியது ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. நடுவில் இருந்த ஒரே ஒரு திங்கட்கிழமையில் 286 பக்கத்தை ஒரு குழு எப்படிப் படித்து முடித்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. 61 வயதில், முதன்முதலாக ஒருவர் என் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்கிறார். அந்த ஒரு வார்த்தைக்காக மனசு எப்படி ஏங்கிக் கிடக்கும் என்பது தனியாக உட்கார்ந்து எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை வேலை பார்த்தது. நாகப்பட்டினத்தில் இருந்த ஒர்க்‌ஷாப்பை 1928-ல் பொன்மலைக்கு மாற்றியபோது தாத்தா அதோடு வந்தார். அப்பா அப்ரண்டிஸாகச் சேர்ந்து சார்ஜ்மேனாக ரிட்டையர் ஆனார். நான் ஃபிட்டர். ஊட்டி மலை ரயிலுக்கு எண்ணெயில் ஓடும் புது நீராவி எஞ்சின்களைப் பொன்மலையில் கட்டியபோது அந்த வேலையில் என் கையும் இருந்தது. 2020 மே மாதம் எனக்கு ஓய்வு. ஊரடங்கு நேரம். மாலை கிடையாது, வேனில் ஏற்றி மேளத்தோடு வீடு வரை கொண்டுவந்து விடுவது கிடையாது. இத்தனை வருஷம் கேட்டு ஓடின ஒர்க்‌ஷாப் சங்கை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டபோது அது வேறு யாரையோ கூப்பிடுவது போல இருந்தது. அதைத்தான் எழுத ஆரம்பித்தேன். தாத்தா வந்தார், அப்பா வந்தார், ஞாயிற்றுக்கிழமைச் சந்தை வந்தது, காலனி முழுக்க வந்துவிட்டது.

எழுதி முடித்தபோது எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். விஷயம் தெரிந்த ஒருவர் பிரதியைக் கையில் எடுத்து, இது சரி, இது தப்பு, இது வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் எந்த வேலையும் இன்ஸ்பெக்‌ஷன் ஆகாமல் ஷெட்டை விட்டு வெளியே போகாது. புத்தகத்துக்கும் அப்படி ஒரு ஆள் இருப்பார் என்று நினைத்தேன். தேடிப்போன இடத்தில் ஃபேஸ்புக்கில் புத்தகம் போட்டுத் தருவதாக ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. சென்னை முகவரி போட்ட நிறுவனம். அந்த மின்னஞ்சலை அனுப்பியது அவர்கள்தான். பெயர் இங்கே வேண்டாம்.

வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று மூன்று பேக்கேஜ். தங்கம் 38,000 ரூபாய். முன்பணம் 15,000 கட்டினேன். தினமும் ஒரு பெண் போனில் பேசுவார். மரியாதையாகப் பேசுவார். ஐ.எஸ்.பி.என். எண் வாங்க 4,500. காப்புரிமைப் பதிவுக்கு 6,000. அந்த வருஷத்துச் "சிறந்த அறிமுக எழுத்தாளர்" விருதுக்கு என் பெயர் பரிசீலனையில் இருக்கிறது, விழாச் செலவில் என் பங்கு மட்டும் 9,000. ஒவ்வொன்றும் தனியாகக் கேட்கும்போது சின்னத் தொகைதான். மகள் கல்யாணம் முடிந்து கையில் மிச்சமிருந்த பி.எஃப். பணத்தில் இருந்து எடுத்துக் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து "எடிட் செய்யப்பட்ட" கோப்பு வந்தது. முதல் பக்கத்தைத் திறந்தேன். நான் யூனிகோடில் தட்டச்சு செய்ததை அவர்கள் பழைய ஃபாண்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். ஒற்றைக் கொம்பு மட்டும் ஒரு வரியின் கடைசியில் தனியாக நின்றது. அடுத்த வரி "பான்மலை" என்று தொடங்கியது. நான் பிறந்த ஊர், பக்கத்துக்கு இரண்டு மூன்று தடவை அப்படி உடைந்து கிடந்தது. ஆய்த எழுத்தெல்லாம் காணாமல் போய் நான் "பிட்டர்" ஆகியிருந்தேன். "ஸ்ரீ" விழுந்த இடங்களில் வெறும் கட்டம். வேறு எதையும் யாரும் தொடவில்லை. 112-ஆம் பக்கத்தில் ஒரு பத்தியை நானே தெரியாமல் இரண்டு தடவை ஒட்டியிருந்தேன். அது அப்படியே இரண்டு தடவையும் இருந்தது. அதைப் பார்த்த நிமிஷத்தில்தான் அடிவயிற்றில் சுருக்கென்றது. அந்தப் பிரதியை யாரும் படிக்கவே இல்லை.

போன் செய்தேன். "அது ஃபாண்ட் பிரச்சினை சார், பிரிண்ட்ல சரியாயிடும். வரிக்கு வரி எடிட்டிங் வேணும்னா பிளாட்டினம்தான் சார் எடுக்கணும்" என்றார் அந்தப் பெண்.

ஒப்பந்தத்தை அக்கா மகனிடம் காட்டினேன். திருச்சி கோர்ட்டில் வக்கீல். "மாமா, இதுல இன்னும் கையெழுத்துப் போடலையே?" என்றுதான் முதலில் கேட்டான். போடவில்லை என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். உலகம் முழுவதும், எல்லா மொழியிலும், எல்லா வடிவத்திலும், சினிமா உட்பட, காப்புரிமைக் காலம் முடியும் வரை எல்லா உரிமையும் நிறுவனத்துக்கு. 300 பிரதியை எழுதியவரே விலை கொடுத்து எடுத்துக்கொள்ள வேண்டும். "1957-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டம் எழுதினவனுக்குச் சாதகமாத்தான் மாமா இருக்கு. எழுதிக் கொடுத்ததுல காலம் சொல்லாம விட்டா அஞ்சு வருஷம்னு அர்த்தம். இடம் சொல்லாம விட்டா இந்தியா மட்டும்னு அர்த்தம். ஆனா இவங்க எதையுமே சொல்லாம விடலை" என்றான். காப்புரிமை எழுதிய கணத்திலேயே எனக்கு வந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை, பதிய வேண்டுமென்றாலும் இலக்கியப் படைப்புக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய்தான் என்றான். ஐ.எஸ்.பி.என். எண்ணை ராஜா ராம்மோகன் ராய் பெயரில் மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் இருக்கும் அமைப்பு இலவசமாகவே கொடுக்கிறது. எழுதியவரே விண்ணப்பிக்கலாம். 4,500 ரூபாய் என்பது அவர்கள் ஒரு படிவம் நிரப்புவதற்கான கூலி.

அவன் சொல்லித்தான் அமெரிக்கக் கதை ஒன்று தெரிந்தது. பப்ளிஷ்அமெரிக்கா என்று ஒரு கம்பெனி, தாங்கள் பிரதிகளைப் படித்துத் தேர்ந்தெடுக்கும் பதிப்பகம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. விஞ்ஞானக் கதை எழுதுகிறவர்கள் சிலர் கூடி, ஆளுக்கொரு அத்தியாயமாக, வேண்டுமென்றே படுமோசமாக ஒரு நாவல் எழுதினார்கள். பெயர் "அட்லாண்டா நைட்ஸ்". ஒரு அத்தியாயம் அதில் இரண்டு தடவை வரும். ஒரு அத்தியாயம் இருக்கவே இருக்காது. ஒன்றைக் கம்ப்யூட்டரை விட்டு எழுத வைத்திருந்தார்கள். 2004 டிசம்பரில் அந்தக் கம்பெனி அதை வெளியிட ஏற்றுக்கொண்டது. எழுதியவர்கள் விஷயத்தை வெளியே சொன்ன பிறகுதான் பின்வாங்கியது. கேட்டதும் என் 112-ஆம் பக்கம்தான் ஞாபகம் வந்தது. அவர்கள் சோதித்துப் பார்ப்பதற்காகச் செய்தது, எனக்குத் தெரியாமலே நடந்திருந்தது.

அப்போதும் மனசின் ஒரு மூலை நம்ப மறுத்தது. நடை ஆற்றொழுக்கு என்று சொன்னார்களே. அதை விட முடியவில்லை. மேலப்புலிவார்டு ரோட்டில் இருக்கும் மாவட்ட மைய நூலகத்துக்குப் போய் அந்த நிறுவனம் போட்ட புத்தகம் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். நன்கொடையாக வந்த அடுக்கில் ஒன்று கிடைத்தது. முசிறிப் பக்கத்தில் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் தன் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதியது. உள்ளே போன் நம்பர் இருந்தது. கூப்பிட்டேன். அவர் ரொம்ப நேரம் தயங்கிவிட்டுப் பேசினார். "எட்டு பண்டல் கட்டிலுக்கு அடியில இருக்கு சார். மழை நாள்ல ராத்திரி எழுந்து தொட்டுப் பார்ப்பேன், ஈரம் ஏறிடுச்சான்னு." பிறகு, தனக்கு வந்த முதல் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருப்பதாகச் சொன்னார். படிக்கச் சொன்னேன். ஆற்றொழுக்கு. நெஞ்சை நெகிழ வைத்தது. ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.

பணம் போனதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். வக்கீல் நோட்டீஸ் அனுப்பியும் 15,000 திரும்பி வரவில்லை, அது அவ்வளவுதான். ஆனால் 40 வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன ஒரு மனுஷர் அந்தக் கடிதத்தை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறார் என்பதை இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை.

நூலகத்தில் தினமும் பேப்பர் படிக்க வருகிற பெரியவர் ஒருவர்தான் வழி சொன்னார். ஸ்ரீரங்கத்தில் வடக்கு அடையவளஞ்சான் வீதியில், பிரஸ்ஸில் புரூஃப் ரீடராக இருந்து ஓய்வுபெற்றவர் ஒருவர் இருக்கிறார், மனசு வைத்தால் பிரதி பார்த்துக் கொடுப்பார் என்றார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறிப் போனேன். 75 வயதுக்கு மேல் இருக்கும். தூணில் சாய்ந்து, மடியில் ஒரு அட்டை, அதன் மேல் தாள். பக்கத்தில் முதுகு கிழிந்து பைண்டு செய்த க்ரியா அகராதி. நான் பையில் இருந்து கவரை எடுத்ததும், "பணமா? உள்ள வையுங்கோ. முதல்ல முப்பது பக்கம் கொடுங்கோ. பார்த்துட்டு நம்ம ரெண்டு பேருக்கும் ஒத்துவருமான்னு சொல்றேன்" என்றார்.

ஒரு வாரம் கழித்துப் போனேன். முப்பது பக்கமும் சிவந்து கிடந்தது. எண்ணிப் பார்த்தேன், 214 இடம். சிவப்பு மையில் திருத்தம், ஓரத்தில் பென்சிலில் கேள்வி. "சிவப்புல போட்டது பிழை. அதுல பேச்சே கிடையாது. பென்சில்ல போட்டது என் சந்தேகம். நீங்க அழிச்சுடலாம். ஏன்னா புஸ்தகம் உங்களோடது" என்றார். மெய்ப்புப் பார்ப்பது வேறு, பிரதியைச் செப்பனிடுவது வேறு, இரண்டுக்கும் கூலி வேறு என்று விளக்கினார். 16 பக்கம் ஒரு ஃபாரம். ஃபாரத்துக்கு 600 ரூபாய், இரண்டு ஃபாரம் முடிந்ததும் அதற்கான பணம். பிடிக்கவில்லை என்றால் அந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம். சொன்னது அவ்வளவுதான். என் நடையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

அன்றைக்கு எனக்கு முகம் சுண்டிப்போனது உண்மை. நேரே பஸ்ஸுக்குப் போகாமல் கோயிலுக்குள் போனேன். தாயார் சன்னதி எதிரில் கம்பர் மண்டபம் இருக்கிறதே, அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன். கம்பர் ராமாயணத்தை அரங்கேற்றிய இடம் என்று சொல்வார்கள். வால்மீகியில் இல்லாத இரணியன் வதையை ஏன் சேர்த்தீர் என்று பெரியவர்கள் ஆட்சேபணை சொன்னார்களாம். கம்பர் அதைப் படித்துக் காட்ட, மேட்டழகிய சிங்கர் தலையசைத்து ஒப்புக்கொண்டார் என்பது ஐதீகம். சின்ன வயசில் பாட்டி சொல்லும்போது எனக்குச் சிங்கப்பெருமாள் தலையாட்டியதுதான் பெரிதாகத் தெரிந்தது. அன்றைக்கு அந்த ஆட்சேபணை சொன்னவர்களை நினைத்துக்கொண்டேன். பல்லாயிரம் பாட்டையும் உட்கார்ந்து கேட்டிருந்தால்தானே இந்த ஒன்று வால்மீகியில் இல்லை என்று சொல்ல முடியும். கையில் இருந்த 214 சிவப்புக் குறியையும் மறுபடி ஒரு தடவை எடுத்துப் பார்த்தேன். யாரோ ஒருவர் என் முப்பது பக்கத்தையும் ஒரு எழுத்து விடாமல் படித்திருக்கிறார்.

அந்த வருஷக் கடைசியில் காவிரிப் பாலத்தைப் பழுதுபார்க்க மூடினார்கள். பஸ் சஞ்சீவி நகர் வழியாகச் சுற்றிப் போகும். முக்கால் மணி நேரம் கூடுதல். அந்த முக்கால் மணியில் பென்சில் கேள்விகளுக்கு மனசில் பதில் தயார் செய்துகொண்டு போவேன். ஸ்டே போல்ட் என்று எழுதியிருந்ததற்கு "இது என்ன?" என்று கேட்டிருந்தார். பாய்லரில் நெருப்புப் பெட்டியின் உள் தகட்டையும் வெளித் தகட்டையும் சேர்த்துப் பிடிக்கிற போல்ட், நூற்றுக்கணக்கில் இருக்கும், ஒவ்வொன்றாகச் சுத்தியலால் தட்டுவோம், உடைந்திருந்தால் சத்தம் செத்துப்போய் வரும் என்று கையை ஆட்டிச் சொன்னேன். "இப்ப வாயால சொன்னேளே, அதை அப்படியே எழுதுங்கோ. கீழ்க்குறிப்பெல்லாம் வேண்டாம்" என்றார். அத்தியாயத்துக்கு அத்தியாயம் இப்படித்தான். "மேற்கண்ட", "என்பது குறிப்பிடத்தக்கதாகும்" எல்லாம் போயிற்று. நான் மேடைத் தமிழில் எழுதிய இடமெல்லாம் மெலிந்து, நான் பேசுகிற இடமெல்லாம் தடித்தது.

வேலை முடிந்ததும் காபி வரும். அப்போது மட்டும் பழைய கதை பேசுவார். இதே ஸ்ரீரங்கத்தில் வாணி விலாஸ் அச்சகம் 1910-ல் ஆதிசங்கரர் நூல்களை 20 தொகுதியாகப் போட்டதை, தன் வீட்டுக் கல்யாணம் போலச் சொல்வார். திருச்சியில் "சிவாஜி" பத்திரிகை நடத்திய திருலோக சீதாராமைப் பற்றிச் சொல்வார். இந்த ஊர்ப் பையன் ரங்கராஜன் அனுப்பிய கதையைப் போட்டவர் அவர். பின்னால் சுஜாதா ஆன பையன். அகராதியைத் தொடும்போதெல்லாம் க்ரியா ராமகிருஷ்ணன் பெயர் வந்துவிடும். ஒரு பிரதியை மாதக்கணக்கில் எழுதியவரோடு உட்கார்ந்து பார்த்த பதிப்பாளர். 2020 நவம்பரில், அகராதியின் மூன்றாம் பதிப்பு வந்த சில நாளில் போய்விட்டார். "அவர் போனப்புறம் ரெண்டு நாள் நான் பேனாவைத் தொடலை சார்" என்றார் ஒரு தடவை. அதற்குப் பிறகு அன்றைக்கு எதுவும் பேசவில்லை.

ஒன்பதாவது ஃபாரத்தில்தான் அது நடந்தது. 1946 செப்டம்பர் 5. ரயில்வே வேலைநிறுத்தத்தின்போது பொன்மலைச் சங்கத்திடலில் மலபார் ஸ்பெஷல் போலீஸ் சுட்டதில் ஐந்து தொழிலாளிகள் செத்தார்கள். பொன்மலையில் பிறந்தவனுக்கு அந்தத் தேதியை யாரும் சொல்லித்தர வேண்டாம். நான் அதை நான்கு பக்கம் எழுதியிருந்தேன். செங்குருதி, வீரமண், வெஞ்சினம் எல்லாம் இருந்தது. என் புத்தகத்திலேயே சிறந்த இடம் அதுதான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அவர் நான்கு பக்கத்திலும் சிவப்பில் எதுவும் போடவில்லை. ஓரத்தில் பென்சிலில் இரண்டே வார்த்தை. "பார்த்தது யார்?"

"தாத்தா சார். தாத்தா அங்கே இருந்தார்."

"அவர் எங்கே இதுல? ஒரு வரியிலகூட இல்லையே. அவர் உங்ககிட்ட என்ன சொன்னார்?"

தாத்தா அந்த நாளைப் பற்றிப் பேசவே மாட்டார் என்றேன். வேறு எதுவும் கிடையாதா என்றார். கிடையாது என்றேன். அவர் விடவில்லை. அன்றைக்கு ராத்திரி வீட்டுக்கு எப்படி வந்தார், என்ன உடுத்தியிருந்தார், கையில் என்ன இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்போதுதான் எனக்குத் தூக்கு ஞாபகம் வந்தது. பாட்டி சொன்னது. அன்றைக்குத் தாத்தா இருட்டிய பிறகு செருப்பில்லாமல் வந்தார். கையில் ஒரு பித்தளைத் தூக்கு. அது எங்கள் வீட்டுத் தூக்கு இல்லை. ஓடும்போது தன்னுடையது என்று நினைத்துக் கீழே கிடந்ததை எடுத்துவிட்டார். உள்ளே பாதிச் சோறு இருந்தது. பாட்டி கழுவி வைத்தாள். அடியில் ஒரு டோக்கன் நம்பர் வெட்டியிருந்தது, 1173. உடையவர் வந்தால் கொடுக்கலாம் என்று வைத்திருந்தார்கள். யாரும் வரவில்லை. தாத்தா 1983-ல் சாகிற வரைக்கும் எங்கள் வீட்டில் யாரும் அதில் சாப்பாடு எடுத்துப் போனதில்லை.

இதைச் சொல்லி முடித்தபோது அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார். "இதை ஏன் எழுதலை?" என்றார்.

சின்ன விஷயம் என்று விட்டுவிட்டேன் என்றேன். அவர் அந்த நான்கு பக்கத்தையும் எடுத்து என் கையில் கொடுத்தார். "ஆத்துக்குப் போய் அந்தத் தூக்கை எதிர்ல வச்சுண்டு எழுதுங்கோ."

எழுதினேன். ஒன்றரைப் பக்கம்தான் வந்தது. அந்த ஒன்றரைப் பக்கத்தில் அவர் ஒரு காற்புள்ளியை மட்டும் எடுத்தார்.

புத்தகம் 2023 ஆகஸ்டில் வந்தது. 286 பக்கம் 208 பக்கமாகி, 13 ஃபாரத்தில் அடங்கியது. ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு நானே விண்ணப்பித்தேன், பைசா செலவில்லை. திருச்சியிலேயே ஒரு சிறிய அச்சகத்தில் 300 பிரதி. சட்டப்படி கன்னிமாரா நூலகத்துக்கும் மற்ற மூன்று நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி தபாலில் போனது. முசிறித் தலைமை ஆசிரியருக்கு ஒன்று அனுப்பினேன். அவர் தன் புத்தகத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்கு வந்தார். இப்போது புரூஃப் ரீடர் சார் அதற்கு இரண்டாம் பதிப்புக்காகப் பென்சில் பிடித்திருக்கிறார்.

டோக்கன் நம்பரைப் புத்தகத்தில் அப்படியே போட்டிருக்கிறேன். பழைய சங்கத்து ஆட்களிடம் கேட்டுப் பார்த்தேன், ஒர்க்‌ஷாப்பில் பழைய பதிவேடு இருக்கிறதா என்று விசாரித்தேன். இதுவரை ஒன்றும் தெரியவில்லை. வாங்கிப் படித்தவர்களில் இரண்டு பேர் தங்கள் வீட்டுத் தாத்தாவின் நம்பரைச் சொல்லி எழுதினார்கள். அது வேறு நம்பர். தூக்கை இப்போது பரணில் இருந்து இறக்கி, கூடத்து அலமாரியில் வைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை தோறும் என் மனைவி அதைப் புளி போட்டுத் தேய்க்கிறாள், அடியில் இருக்கும் எண் தேயாதபடி அந்த இடத்தை மட்டும் துணியால் துடைக்கிறாள்.